மூன்று வட்டில் பொழுது

தையல்நாயகி அம்மையாரிடம் ஓர் ஆங்கிலத் தொடருக்குப் பொருள் கேட்டவர், அந்தத் தவச்சாலையில் திருமேனி ஒருவரே.

அம்மையாருக்கு ஆங்கிலம் தெரியாது. அது திருமேனிக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டார்.

குருவுக்கு வயது நாற்பத்து நான்கு, மாணவருக்கு அறுபத்து மூன்று. சரக்கு ரயிலில் முப்பத்தாறு ஆண்டுகள் கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். அசையாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று காவிரிக் கரைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. இதற்குள் கீற்று முடையக் கற்றிருந்தார். தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் பூட்டக் கற்றிருந்தார். பரிசல்காரர் மாதையனோடு பழகிப் பரிசல் ஓட்டவும் கற்றிருந்தார். வந்த காரியத்தை மட்டும் இன்னும் கற்கவில்லை.

"அம்மா, ஆன் தி கோ என்று ஒரு தொடர் இருக்கிறது" என்றார் திருமேனி.

அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "சொல்லுங்கள், ஐயா."

"நான் ஓய்வு பெற்ற நாளில் எங்கள் மேலதிகாரி மேடையில் என்னைப் பற்றி அதைச் சொன்னார். இருநூறு பேர் கை தட்டினார்கள். முப்பத்தாறு ஆண்டு உழைப்புக்கு அந்த ஒரு தொடர் போதும் என்று நிமிர்ந்து வீட்டுக்குப் போனேன். இன்று காலை கஞ்சி வரிசையில் அம்பலவாணர் அதையே சொன்னார். பதினொரு பேர் சிரித்தார்கள்."

"என்ன சொன்னார்?"

"வழி விடுங்கள், வழி விடுங்கள், நம் ஆன் தி கோ வருகிறது என்றார்."

அம்மையாரின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. அதை அவர் மறைக்கவில்லை.

"அந்தத் தொடரை எப்போது வழங்குவார்கள்?"

"ஓய்வின்றி இயங்குகிறவரைச் சொல்வார்கள், அம்மா. விடியற்காலையில் எழுந்து, படுக்கும்வரை ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைத் தொடுகிறவரை. மூன்று சிறு பிள்ளைகளை வளர்க்கும் தாயைச் சொல்வார்கள். உட்கார்ந்து உண்ண நேரமில்லாமல் நடந்துகொண்டே உண்டால், அந்த உணவையும் அப்படிச் சொல்வார்கள். ஒருவர் ஒரே சமயத்தில் நான்கு வேலைகளை நடத்திக்கொண்டிருந்தால் அந்த வேலைகளுக்கும் அது பொருந்தும்."

"கடனுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடுகிறவனை?"

"சொல்லமாட்டார்கள்."

"கட்டறுத்துக்கொண்டு ஓடும் மாட்டை?"

திருமேனி சிரித்துவிட்டார். "இல்லை, அம்மா."

"வேலையே இல்லாமல் தெருத்தெருவாகச் சுற்றுகிறவனை?"

அவர் சற்று யோசித்தார். "வேலை இருக்க வேண்டும்."

"சரி. உங்கள் கேள்வி என்ன?"

"அது புகழ்ச்சியா, பழிப்பா? அசையாமல் இருப்பதையே பயிலும் இந்த இடத்தில் என்னைப் பற்றி அப்படிச் சொன்னால், நான் தலை நிமிர்வதா, குனிவதா?"

அம்மையார் ஆய்ந்த கீரையை ஒரு புறமும் தண்டுகளை மறுபுறமும் ஒதுக்கினார்.

"எனக்குத் தெரியாத மொழி. அதன் பயனைப் பார்க்காமல் பொருள் சொல்வது முறையன்று. பார்த்தபின் சொல்கிறேன்."

திருமேனி அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அடுத்த நாள் ஆனி மாதத்து முழுநிலவு நாள்.

அந்தத் தவச்சாலையில் மாணவராக நிலைத்திருக்க விரும்புகிறவர், ஆண்டுக்கு ஒரு முறை, அந்த நாளில், கரையோரப் பாறையில் அசையாமல் அமர வேண்டும். ஒரு பானை நீரில் ஒரு வெண்கல வட்டிலை மிதக்கவிடுவார்கள். அதன் அடியில் ஊசி முனையளவு துளை உண்டு. நீர் ஏறி ஏறி, ஒரு நாழிகையில் வட்டில் மூழ்கும். கதிரவன் எழும்போது முதல் வட்டில். அது மூழ்கியதும் எடுத்து மீண்டும் மிதக்கவிட்டால் இரண்டாம் வட்டில். பிறகு மூன்றாம் வட்டில். அதுவரை அமர்ந்திருந்தவரின் பெயருக்கு எதிரே ஏட்டில் 'இருந்தார்' என்று எழுதுவார்கள். இடையில் எழுந்தவர் பெயருக்கு எதிரே 'எழுந்தார்' என்று எழுதுவார்கள். மூன்று முறை எழுந்தவர் ஊர் திரும்ப வேண்டும். தவச்சாலையை நிறுவியவர் வகுத்த முறை இது. இதற்கு விலக்கு இல்லை.

திருமேனி முதல் ஆண்டு இரண்டாம் வட்டிலில் எழுந்தார். மழை தூறியது, களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மறு ஆண்டு முதல் வட்டிலிலேயே எழுந்தார். மோட்டார் ஓடும் ஒலி அவர் காதுக்குச் சரியாகப் படவில்லை. மோட்டார் பிழைத்தது. ஏட்டில் 'எழுந்தார்' என்று இரண்டாம் முறை எழுதினார்கள்.

ஏடு அம்பலவாணரின் பொறுப்பில் இருந்தது. அவருக்கு வயது முப்பது. அவர் அமர்ந்தால் தோளில் காக்கை வந்து உட்காரும் என்று சொல்வார்கள். தம் முதல் முயற்சியில் மூன்று வட்டிலையும் கடந்து, நான்காவதையும் தாமே கேட்டு அமர்ந்தவர்.

அன்று பிற்பகலில் ஆற்றுக் கயிறு அறுந்தது.

இக்கரைக்கும் அக்கரைக்கும் இடையே, ஆற்றின் நடுவில் நிற்கும் கல்தூணைச் சுற்றி, ஒரு தடித்த கயிறு கட்டப்பட்டிருக்கும். வெள்ளக் காலத்தில் அதைக் கையால் பற்றிப் பற்றியே பரிசலைக் கடத்துவார்கள். கயிறு இல்லையென்றால் அக்கரையிலுள்ள நாற்பது வீட்டுக்காரர்களுக்கு இரண்டு மாதம் வழி இல்லை.

மாதையன் வந்து நின்றார். அவருடைய வலத் தோளில் துணிக்கட்டு இருந்தது.

"அம்மா, மேல அணையில நாளைக்கு உச்சிக்கு மேல தண்ணி தொறக்கறாங்களாம். போன்ல சொன்னாங்க. வெடிஞ்சதும் கட்டியாகோணும். எனக்குத் தோளு தூக்க வரமாட்டேங்குதுங்க."

"புதுக் கயிறு இருக்கிறதா?"

"இருக்குதுங்க. பரிசலை நிறுத்தத்தான் ஆளு இல்ல."

நடுத்தூணில் கயிற்றைக் கட்டுவது தவச்சாலைத் தலைவரான அம்மையாரின் கடமை. ஏழு சுற்று, ஒவ்வொரு சுற்றையும் நனைத்து, மரச் சுத்தியால் தட்டி இறுக்க வேண்டும். கட்டுகிறவருக்கு இரு கைகளும் வேலையில் இருக்கும்; பற்றிக்கொள்ள எதுவும் இராது. அதுவரை பரிசலைத் தூணுக்கு ஒரு சாண் தள்ளி மற்றொருவர் நிறுத்த வேண்டும். தூணோடு பரிசலைக் கட்டிவிட முடியாது. வட்டமான பரிசல் கட்டிய இடத்திலேயே சுழலத் தொடங்கும். மேலே நகர்ந்தால் நீரோட்டம் அதைத் தூணில் மோதவைக்கும். கீழே நகர்ந்தால் அடித்துக்கொண்டு போகும்.

அம்மையார் திருமேனியைப் பார்த்தார்.

"நாளைக் காலையில் பரிசலை நீங்கள் நிறுத்துகிறீர்களா?"

"அம்மா, நாளைக் காலையில் நான் பாறையில் அமர வேண்டும்."

"தெரியும்."

"மூன்றாம் முறை. தவறினால் ஊர் திரும்ப வேண்டும்."

"அதுவும் தெரியும்."

"கயிற்றைக் கட்டி முடித்தபின் அமரலாமா?"

"வட்டில் கதிரவன் எழும்போது மிதக்க வேண்டும். அந்த முறையை நான் மாற்றமாட்டேன்."

திருமேனி பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நீங்கள் மறுக்கலாம், ஐயா. யாரும் குறை சொல்லமாட்டார்கள். மாதையன் ஒரு கையால் முயல்வார்."

மாதையன் தம் தோளைப் பார்த்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார். "முயலலாமுங்க" என்றார். அந்தக் குரலில் உறுதி இல்லை.

"நான் வருகிறேன்" என்றார் திருமேனி.

சொல்லிவிட்டுத் தம் அறைக்குப் போய்ப் பெட்டியில் துணிகளை அடுக்கத் தொடங்கினார். அதையும் அவர் வேகமாகத்தான் செய்தார்.

விடியுமுன் எல்லோரும் கரையில் கூடினார்கள். பரிசலில் புதுக் கயிறு சுருளாகக் கிடந்தது. அம்மையார் சேலையை வரிந்து கட்டியிருந்தார். இடுப்பில் சுத்தி இருந்தது.

"அம்பலவாணரே, வட்டிலை எடுத்து வாருங்கள்" என்றார்.

அம்பலவாணர் விழித்தார். "யாருக்கு, அம்மா? பாறையில் அமர்பவர் இன்று ஒருவரும் இல்லையே."

"முழுநிலவு நாள்தானே?"

"ஆம்."

"கதிரவன் எழப்போகிறானா?"

"எழப்போகிறான்."

"பிறகென்ன? மிதக்கவிடுங்கள். ஒவ்வொரு முறை மூழ்கும்போதும் எங்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லுங்கள். பார்த்துக்கொண்டும் இருங்கள்."

"எதைப் பார்க்க வேண்டும்?"

"பார்ப்பது உங்களுக்குத் தெரியாததா?"

பரிசல் கரையை விட்டு நீங்கியது. திருமேனி முழந்தாளிட்டுத் துடுப்பை வலமும் இடமும் மாற்றி மாற்றிப் போட்டார். தூண் நெருங்கியது. அவர் ஒரு சாண் தொலைவில் பரிசலை நிறுத்தினார். கதிரவனின் முதல் ஒளி நீரில் விழுந்தது.

அம்மையார் எழுந்து நின்றார். இரு கைகளாலும் தூணை வளைத்துக் கயிற்றின் முதல் சுற்றைப் போட்டார்.

நிறுத்துவது என்று சொல்வது எளிது. நீர் ஒரு கணமும் நிற்கவில்லை. எனவே துடுப்பும் ஒரு கணமும் நிற்க முடியவில்லை. வலப்புறம் இரண்டு வீச்சு, இடப்புறம் ஒன்று. நீரின் இழுப்பு மாறினால் இடப்புறம் இரண்டு, வலப்புறம் ஒன்று. ஒரு வீச்சு மிகுந்தால் பரிசல் தூணில் இடிக்கும். ஒன்று குறைந்தால் அம்மையாரின் கை தூணை விட்டு வழுவும். திருமேனி அம்மையாரைப் பார்க்கவில்லை, கரையையும் பார்க்கவில்லை. தூணுக்கும் பரிசலுக்கும் இடையிலுள்ள அந்த ஒரு சாண் நீரையே பார்த்தார்.

சுத்தி ஒலித்தது.

"ஒன்று!" என்ற குரல் கரையிலிருந்து வந்தது.

மூன்றாம் சுற்று முடிந்தது. திருமேனியின் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் கண்ணில் விழுந்தது. துடைக்கக் கை இல்லை. தோளிலிருந்த துண்டு நழுவி நீரில் விழுந்து, கீழ்த்திசையை நோக்கி மிதந்து போனது.

"உங்கள் துண்டு போகிறது, ஐயா" என்றார் அம்மையார், கயிற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"போகட்டும், அம்மா."

கரையில் ஓர் ஆரவாரம் எழுந்தது. மாணவர்களுள் ஒருவர் வாய் மேல் கை குவித்துக் கத்தினார்:

"கார்டு ஐயா! செவலை மாடு பூசணிப் பந்தலுக்குள் புகுந்துவிட்டது!"

பூசணிப் பந்தல் திருமேனி போட்டது. கொடிகளுக்கு அவரே நீர் விட்டவர். மாட்டை விரட்டுவதும் நாள்தோறும் அவர் வேலையே. அவர் கூப்பிட்டால் மட்டுமே அந்த மாடு திரும்பும்.

அம்மையார் காத்திருந்தார். ஐந்தாம் சுற்று அவர் கையில் பாதியில் இருந்தது. இந்த நிலையில் பரிசல் அசைந்தால் அவர் ஆற்றில் இருப்பார்.

வலப்புறம் இரண்டு. இடப்புறம் ஒன்று.

"மேயட்டும்!" என்று கத்தினார் திருமேனி. பிறகு தமக்குள் சொல்வதுபோல், "ஒரு காய் போதும் அதற்கு" என்றார்.

"இரண்டு!"

ஆறாம் சுற்றில் திருமேனியின் தோள்கள் எரிந்தன. முழங்கால்கள் மரத்துப்போயின. அவர் ஒன்றை வியப்போடு கவனித்தார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற எண்ணம் முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு நாளும் அவரை விட்டதில்லை. இப்போது அந்த எண்ணம் வரவில்லை. அடுத்த வீச்சு இருந்தது. அதற்கு அப்பால் எதுவும் இல்லை.

ஏழாம் சுற்று. அம்மையார் கயிற்றின் நுனியை உள்ளே செருகி, சுத்தியால் ஒன்பது முறை தட்டினார். பிறகு தம் முழு எடையையும் கயிற்றில் தொங்கவிட்டுப் பார்த்தார். கயிறு நகரவில்லை.

"மூன்று!"

பரிசல் கரைக்குத் திரும்பியது. மாதையனும் அக்கரைக்காரர்களும் இரு கரைகளிலும் கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். கயிறு விறைத்து எழுந்து நீருக்கு மேல் நேர்கோடாக நின்றது. அக்கரையில் யாரோ சீழ்க்கை அடித்தார்கள். உடனே நாற்பது வீட்டிலிருந்தும் வந்தவர்கள் சேர்ந்து அடித்தார்கள்.

திருமேனி கரையில் இறங்கினார். கால்கள் அவர் சொன்னபடி கேட்கவில்லை. மாதையன் ஒரு கையால் தாங்கிக்கொண்டார்.

"என்னுங்க கார்டு ஐயா, இருபத்திரண்டு வருசம் நானு நிறுத்தியிருக்கறேன். ஒரு தரமாச்சும் தூணுல இடிக்காம வந்தது கெடையாதுங்க."

 திருமேனியின் கண் பாறையின் மேல் இருந்தது. பாறை வெறுமையாக இருந்தது. அதன் மேல் காலை வெயில் ஏறியிருந்தது.

அம்பலவாணர் ஏட்டைக் கையில் விரித்துக்கொண்டு நின்றார். இன்று அவர் குரலில் கேலி இல்லை.

"அம்மா, மூன்று வட்டிலும் மூழ்கிவிட்டன. கார்டு ஐயாவின் பெயரை எழுதிவிட்டேன். எதிரே என்ன எழுதுவது? முறைப்படி இரண்டு சொற்கள்தாம் இருக்கின்றன."

"மூன்றாவது சொல் வேண்டாம்" என்றார் அம்மையார். "நீங்கள் என்ன பார்த்தீர்கள்?"

"அவர் பாறையில் இல்லை. அவருடைய கை ஒரு கணமும் ஓயவில்லை."

"பாறையைப் பற்றியோ கையைப் பற்றியோ ஏட்டில் எழுதும் வழக்கம் உண்டா?"

"இல்லை."

"அவர் எழுந்தாரா?"

அம்பலவாணர் ஆற்றைத் திரும்பிப் பார்த்தார். "எழவில்லை."

"பரிசல்?"

"நானும் பன்னிரண்டு ஆண்டுகளாக அமர்ந்து பழகுகிறேன், அம்மா. இன்று வட்டிலை மூன்று முறை எடுத்து வைத்தேன். ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்தபோது பரிசல் அதே இடத்தில் இருந்தது. முதலில் நீர் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அந்தத் துண்டு மிதந்து போன வேகத்தைப் பார்த்தேன்."

"பார்த்ததை எழுதுங்கள்."

அம்பலவாணர் குனிந்து எழுதினார். எழுத்துகளை வழக்கத்தைவிடப் பெரிதாக எழுதினார். எழுதியதும் அவரே ஏட்டைத் திருப்பித் திருமேனியின் முன் நீட்டினார்.

"மை காயவில்லை. தொட்டுவிடாதீர்கள், கார்டு ஐயா."

திருமேனி படித்தார். ஒற்றைச் சொல். அதைப் பன்முறை படித்தார். அவருடைய முதுகு மெல்ல நிமிர்ந்தது. பச்சைக் கொடியைக் காட்டி நீண்ட வண்டியை அனுப்பிவைக்கும் மனிதரைப்போல் நின்றார். கரையில் நின்றவர்கள் நெருங்கி வந்து பார்த்தார்கள். கஞ்சி வரிசையில் சிரித்த பதினொரு பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

திருமேனி குருவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, என் பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். அந்தத் தொடர் புகழ்ச்சியா, பழிப்பா என்று கேட்டேன். பயனைப் பார்த்தபின் பொருள் சொல்வதாகச் சொன்னீர்கள்."

அம்மையார் கரையில் உட்கார்ந்து, உள்ளங்கையில் கயிறு அறுத்த தடத்தை நீரில் கழுவிக்கொண்டிருந்தார்.

"பொருள் எனக்கு இன்னும் தெரியாது, ஐயா" என்றார். "ஆனால் இன்று காலை மூன்று வட்டில் பொழுது நான் அதன் மேல்தான் நின்றுகொண்டிருந்தேன்."